பப்ளிக் ஆக்சஸ் டிவியில் யார் வாயை யார் மூட முடியும்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் பல ஊர்களின் கேபிளில் ‘பப்ளிக் ஆக்சஸ்’ என்று ஒரு சானல் இருக்கும். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் போய் நிகழ்ச்சி செய்து போடலாம், விளம்பரம் கிடையாது, என்ன பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கவும் வேண்டியதில்லை. நான் அப்படி ஒரு சானலில் ரொம்ப நாளாகத் தன்னார்வலர், கேமராவும் எடிட்டிங்கும் என் வேலை, கொஞ்ச காலம் நிர்வாகக் குழுவிலும் இருந்தேன். அங்கே தணிக்கை எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. நான் வக்கீல் இல்லை, வழக்குகளைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, கேபிள் கம்பெனிக்காரன் எதற்கு ஓசியில் சானல் கொடுக்கிறான்?

ஓசி இல்லை தம்பி, வாடகை. ஊர்த் தெருவைத் தோண்டிக் கம்பி போட நகராட்சி அனுமதி வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் நகராட்சி கட்டணம் கேட்கலாம் (கேபிள் வருமானத்தில் அதிகபட்சம் 5 சதவீதம்), கூடவே சில சானல்களையும் ஒதுக்கச் சொல்லலாம். பொதுமக்களுக்கு ஒன்று, பள்ளி கல்லூரிகளுக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்பது வழக்கமான பிரிவு. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கீழே வேண்டியிருக்கும்.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் இது 1971இல் தொடங்கியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டோனி என்ற ஆவணப்பட இயக்குநர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1972இல் பெரிய நகரங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அப்படிக் கட்டாயப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அப்புறம் 1984இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, கேட்டு வாங்கும் உரிமையை உள்ளூர் நிர்வாகத்திடம் கொடுத்தது. அதனால்தான் ஒரு ஊரில் நல்ல ஸ்டுடியோ இருக்கும், பக்கத்து ஊரில் ஒன்றுமே இருக்காது. எல்லாம் அந்தந்த ஊர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

கேள்வி: அப்படியென்றால் தணிக்கையே கிடையாதா? ஆபாசமாக எதையாவது போட்டால்?

அதே 1984 சட்டம், இந்த சானல்களின் உள்ளடக்கத்தில் கேபிள் கம்பெனி கை வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் சட்டப்படி ஆபாசம் என்று நிரூபிக்கக்கூடியதற்கு அமெரிக்காவில் எங்குமே பாதுகாப்பு கிடையாது, அதற்கான அளவுகோல் 1973இல் மில்லர் வழக்கில் வந்தது. சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான், அதாவது ஆபாசம் என்ற அளவுக்குப் போகாது, ஆனால் பாட்டி பார்த்தால் ரிமோட்டைத் தூக்கி எறிவார். 1992இல் ஒரு சட்டம், இந்த நடு ரகத்தையும் கம்பெனிகள் மறுக்கலாம் என்றது. 1996இல் டென்வர் ஏரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாக வெட்டியது. காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கும் சானலில் கம்பெனி மறுக்கலாம், பப்ளிக் ஆக்சஸில் மறுக்க முடியாது.

நடைமுறையில் என்ன செய்வோம் என்றால், நிகழ்ச்சியைக் கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்பச் சொல்வோம். பெயர், முகவரி, நிகழ்ச்சியின் நீளம், ‘இதில் உள்ளதற்கு நானே பொறுப்பு’ என்று ஒரு கையெழுத்து. நடுவில் சின்னதாக ஒரு கட்டம்: பெரியவர்களுக்கான உள்ளடக்கம் உண்டா, இல்லையா. ‘உண்டு’ என்று டிக் போட்டால் நிகழ்ச்சி நள்ளிரவுப் பக்கம் போய்விடும். தடை செய்யவில்லை, ஆனால் யாரும் பார்க்காத நேரம். என்னைக் கேட்டால் உண்மையான கத்தரிக்கோல் நேர அட்டவணைதான். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற விதி எழுத்தில் இருக்கிறதா, அது அப்படியே நடக்கிறதா என்று பாருங்கள். பேச்சுரிமை பற்றிய பெரிய வாசகங்களைவிட அந்த ஒரு வரி அதிகம் காப்பாற்றும்.

கேள்வி: சார், நிறவெறிக் கும்பல் வந்து கேட்டாலும் சானலைக் கொடுக்க வேண்டுமா? இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை கான்சஸ் சிட்டி நேராகவே சந்தித்தது. 1980களின் கடைசியில் அங்கே கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் நிகழ்ச்சி போடக் கேட்டார்கள். முதலில் அவர்கள் கொண்டுவந்தது கலிபோர்னியாவில் தயாரான நாடா. உள்ளூரில் எடுத்தது மட்டும்தான் என்று கம்பெனி சொன்னது. சரி, நாங்களே இங்கே எடுக்கிறோம், பயிற்சி கொடுங்கள் என்று வந்து நின்றார்கள். ஊரே கொதித்தது, அதுவும் அந்த ஸ்டுடியோ இருந்தது கறுப்பின மக்கள் வாழும் பகுதியில். நகர மன்றம் 1988இல் ஒரு முடிவு எடுத்தது: கிளானை மட்டும் தடுத்தால் வழக்கில் தோற்போம், அதனால் பப்ளிக் ஆக்சஸ் சானலையே எடுத்துவிடுவோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய மாதிரி.

கிளான் வழக்குப் போட்டது, ஏசிஎல்யு என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு அவர்களுக்காக வாதாடியது. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே மேடையை மூடினார்கள் என்றால் அது அரசியலமைப்புக்கு எதிரானது என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது என்று சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி 1989இல் மறுத்துவிட்டார். நகர மன்றம் இறங்கி வந்து சானலைத் திருப்பிக் கொடுத்தது. கிளான் நிகழ்ச்சி 1990இல் ஓடியது.

நியாயமா என்று கேட்டீர்கள். எனக்கும் வயிற்றைப் பிசைகிறது, இந்த ஊரில் நாமும் தோல் கறுத்தவர்கள்தான். ஆனால் அந்த நகர மன்றம் சானலை எடுத்தபோது கூடவே போனது தேவாலய நிகழ்ச்சியும் அக்கம்பக்கத்து நிகழ்ச்சிகளும். கிளானுக்கு ஒரு நிகழ்ச்சி போனது, மற்றவர்களுக்கு மொத்த சானலும் போனது. யார் அதிகம் இழந்தார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உடனடி வன்முறையைத் தூண்டும் பேச்சு வேறு விஷயம், அதற்கு 1969இல் பிராண்டன்பர்க் தீர்ப்பு கோடு போட்டிருக்கிறது. அதுவும் ஒரு கிளான் ஆள் சம்பந்தப்பட்ட வழக்கு என்பது வேடிக்கை.

கேள்வி: 2019 ஹாலெக் தீர்ப்பால் எல்லாம் போச்சு என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் போகவில்லை, பிடிமானம் ஒன்று போனது. மன்ஹாட்டனில் இந்த சானல்களை நடத்துவது எம்என்என் என்ற தனியார் லாபநோக்கற்ற அமைப்பு, நகரம் நியமித்தது. டீடீ ஹாலெக் சாதாரண ஆள் இல்லை, 1981இல் பேப்பர் டைகர் டெலிவிஷனைத் தொடங்கிய, இந்தத் துறையின் மூத்த பெண்மணி. அவரும் கவிஞர் ஹெசூஸ் பாபொலேட்டோ மெலெண்டெஸும் ஒரு படம் எடுத்தார்கள். கிழக்கு ஹார்லம் மக்களை எம்என்என் கண்டுகொள்ளவில்லை என்று எம்என்என்னையே குற்றம்சாட்டும் படம். அதை எம்என்என் ஒளிபரப்பியது, அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு புகார்கள் வந்தன, ஹாலெக்குக்குத் தற்காலிகத் தடை, அதன்மேல் தகராறு, கடைசியில் இருவருக்குமே எல்லா வசதிகளும் நிறுத்தப்பட்டன.

எங்கள் பேச்சுரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று வழக்கு. ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான், தனியாரை இல்லை. அதனால் எம்என்என் அரசா, தனியாரா என்பதே கேள்வியாகிவிட்டது. 5–4 என்ற கணக்கில் தனியார் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எழுதியவர் நீதிபதி கவனா. பொது மேடை நடத்துவது அரசு மட்டுமே காலங்காலமாகச் செய்துவந்த வேலை இல்லை என்பது அவர் வாதம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய சோட்டோமேயர், ஒப்பந்தப்படி அந்த சானல்கள் நகரத்துக்குச் சேர வேண்டிய உரிமை, நகரம் தன் பொறுப்பை எம்என்என்னிடம் ஒப்படைத்தது, பொறுப்போடு கட்டுப்பாடும் சேர்ந்து போக வேண்டும் என்றார். எனக்கு சோட்டோமேயர் சொன்னதே சரியாகப் படுகிறது. வேலையைத் தனியாரிடம் கொடுத்தால் அரசியலமைப்பு விலகிக்கொள்ளும் என்றால் எந்த நகராட்சி கொடுக்காமல் இருக்கும்?

மிச்சம் இருப்பது என்ன? நகராட்சியே நேரடியாக நடத்தும் சானலுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. நியூயார்க் மாநில விதி, முதலில் வந்தவருக்கு முதல் இடம், பாகுபாடு கூடாது என்கிறது. அது இன்னும் இருக்கிறது. ஆக சண்டை அரசியலமைப்பிலிருந்து ஒப்பந்தத்துக்கும் மாநில விதிக்கும் இறங்கிவிட்டது. உங்கள் ஊர் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் நகர மன்றக் கூட்டத்தை ஒளிபரப்பும்போது மக்கள் பேசும் பகுதி வந்தால் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். வழக்குப் போடலாமா?

இங்கேதான் அந்த மூன்று சானல் பிரிவு முக்கியம். நகராட்சிக்கென ஒதுக்கிய சானலில் எதைப் போடுவது என்று முடிவெடுக்க அவர்களுக்கு நிறைய சுதந்திரம் உண்டு, வழக்கில் ஜெயிப்பது கஷ்டம். ஆனால் வழி இருக்கிறது. நீங்களே கேமரா வைத்துப் படமெடுக்க பல மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டங்கள் இடம் தருகின்றன, உங்கள் மாநிலத்தில் எப்படி என்று பாருங்கள். எடுத்ததைக் கொண்டுபோய் பப்ளிக் ஆக்சஸ் சானலில் போடுங்கள்.

நான் பார்த்த ஒன்று சொல்கிறேன். குடிநீர் வரி உயர்வை வாராவாரம் கணக்கோடு கிழித்துத் தொங்கவிட்ட ஒரு பெரியவர் நிகழ்ச்சி இருந்தது, முக்காலியில் உட்கார்ந்து ரசீதைக் கேமராவுக்கு நேரே பிடிப்பார், ஃபோகஸ் கிடைக்கும் வரை அசையவே மாட்டார். மேலிடத்திலிருந்து ஒருவர் மேலாளருக்குப் போன் செய்தார். “நிறுத்துங்கள்” என்று அவர் சொல்லவே இல்லை. அடுத்த வருட நிதி ஒதுக்கீடு எப்போது விவாதத்துக்கு வருகிறது என்று நலம் விசாரிப்பது மாதிரி கேட்டார், அவ்வளவுதான். நிகழ்ச்சி தொடர்ந்தது, நேரம் மட்டும் மாறியது.

கேள்வி: யூடியூப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

யூடியூபில் உங்கள் வீடியோவை எடுத்துவிட்டால் கேட்க நாதியில்லை, அது தனியார் இடம் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன, அதற்கு ஹாலெக் தீர்ப்பையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஊர் சானலில் குறைந்தபட்சம் ஒரு கதவைத் தட்டலாம். ஆனால் ஒன்று, கேபிளை விட்டு மக்கள் போகப் போக, சானல் செலவுக்குக் கைகொடுக்கும் அந்த 5 சதவீதக் கட்டணப் பணமும் சுருங்குகிறது. தணிக்கை தேவையே இல்லை, பணம் நின்றால் போதும். லாஸ் ஏஞ்சலிஸில் பொதுமக்கள் ஸ்டுடியோக்கள் 2009 தொடக்கத்தில் இப்படித்தான் மூடப்பட்டன, மாநிலச் சட்டம் மாறியதும் கம்பெனிக்கு அந்தக் கடமை இல்லாமல் போனது.

கேள்வி: இந்தியாவில் இந்த மாதிரி ஏதாவது உண்டா?

டிவியில் இல்லை. நெருங்கி வருவது சமுதாய வானொலி, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் ஆரம்பித்தது. ஆனால் அதில் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். உள்ளூர் கேபிள் சானல்களுக்கு 1995 சட்டம், அதன்படி மாவட்ட ஆட்சியர் மட்டத்திலேயே ஒளிபரப்பை நிறுத்த உத்தரவு போடலாம்.

கேள்வி: அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு நிகழ்ச்சி போட நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?

நல்ல யோசனை. ஊரில் குடியிருப்பவர் ஒருவர் பெயரில் பதிவு செய்யுங்கள், பயிற்சி வகுப்பை முடித்தால்தான் கேமரா தருவார்கள். தமிழில் பேசினால் பிரச்சினை இல்லை, என்ன பேசுகிறீர்கள் என்று யாரும் மொழிபெயர்ப்பு கேட்கக் கூடாது, கேட்டால் விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு, பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது. படிவத்தில் ‘எல்லா உரிமையும் என்னிடம் உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இளையராஜா பாட்டை ஓடவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான். நாட்டுப்புறப் பாட்டை நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள், பறை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் முதல் நிகழ்ச்சியைக் கொடுக்கும்போதே எந்த நாள், எந்த நேரம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.