துப்பாக்கிக்கும் ஒரு நோட்டு: கேள்வி பதில்

உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கிகளுக்குப் பராமரிப்புக் குறிப்பும் பயன்பாட்டுக் கணக்கும் எப்படி எழுதுவது என்று டெல்டா மாவட்ட அன்பர்கள் கேட்டவற்றுக்கு, ஆயுதக் கிடங்கில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவர்) ஒருவர் பதிலளிக்கிறார்.

திருவாரூர் அன்பர்: ஐயா, எங்களிடம் இருப்பது தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி. சுட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுடாத துப்பாக்கிக்கு நோட்டு எதற்கு?

சுடாத துப்பாக்கிக்குத்தான் முதலில் வேண்டும். சுடுபவர் சுட்டு முடித்ததும் குழலைத் துடைத்து வைப்பார். சுடாதவரோ பெட்டியைத் திறப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து வீடுகளில் சுவரே ஈரம் கசியும்போது, தோல் உறைக்குள் வைத்த இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால், உறை பயணத்துக்கு மட்டுமே. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் எடுத்து, தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்தில் குழலின் உட்புறத்தைப் பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். "எல்லாம் சரி" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. "இடது குழல், வாயிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, கடுகளவு துருப்புள்ளி" என்று எழுதியிருந்தால், அடுத்த முறை அது வளர்ந்திருக்கிறதா, நின்றுவிட்டதா என்பது தெரிந்துவிடும்.

பாபநாசம் அன்பர்: தேங்காய் எண்ணெய் தடவலாமா? மண்ணெண்ணெய்?

இரண்டும் வேண்டாம். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசினாக இறுகி விசையைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் ஆவியாகிப் போனபின் காப்பாக எதுவும் மிஞ்சாது. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது. கிடைக்காத நேரத்தில் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசலாம். எதைப் பூசினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். கரிமருந்து இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அந்த மருந்தின் எச்சம் உப்புத்தன்மை கொண்டது, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, முழுவதும் உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட வேண்டும்.

கும்பகோணம் அன்பர்: நான் முன்னாள் படைவீரன், வங்கியில் காவல் பணி. பயிற்சியின்போது சில தோட்டாக்கள் வெடிக்கவில்லை. குறை தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

இதற்கு விடை சொல்லக்கூடியது உங்கள் நோட்டுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் நாள், இடம், எந்தக் குழல், தோட்டாவின் வகை, பெட்டியில் அச்சிட்டுள்ள தொகுதி எண், சுட்டவை எத்தனை, வெடிக்காதவை எத்தனை என்று எழுதி வந்தால், சில பயிற்சிகளிலேயே ஒரு போக்கு தெரியத் தொடங்கும். வெடிக்காதவை எல்லாம் ஒரே குழலில், ஆனால் வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை என்றால், அந்தக் குழலின் சுருள்வில்லையோ, தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசியையோ சந்தேகிக்க வேண்டும். தோட்டாவின் அடியில் ஊசி தட்டும் இடமான கேப்பில் ஊசித் தடம் ஆழமில்லாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இரு குழல்களிலும் ஒரே தொகுதித் தோட்டாக்கள் மட்டும் ஏமாற்றினால், அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனெனில் தாமதித்து வெடிப்பதும் உண்டு.

மன்னார்குடி அன்பர்: இவ்வளவையும் எழுதி வைத்தால், நாளை ஏதாவது விசாரணை வந்தால் நமக்கே வினையாகாதா?

நியாயமான அச்சம்தான். ஆனால் கணக்கில் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறக்கிறீர்கள். தோட்டா வாங்கும்போது விற்பனையாளர் உங்கள் உரிமத்திலும் தம் பதிவேட்டிலும் எண்ணிக்கையைக் குறிக்கிறார். வாங்கியது அங்கே இருக்கிறது. செலவானதும் கையிருப்பும் எங்கே இருக்கின்றன? அந்த மறுபாதியை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. வாங்கியதிலிருந்து செலவைக் கழித்தால் பெட்டியில் உள்ள தோட்டாக்களோடு ஒத்துப்போக வேண்டும். எழுதத் தயங்கும்படியான செலவு ஏதும் இருந்தால், பிழை நோட்டில் இல்லை. திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆயுதச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாகும்படி அவ்வாறு சுடுவது இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் பெற்றுத்தரும் குற்றம்.

தைத்த நோட்டாக, பக்க எண் இட்டு எழுதுங்கள். தாளைக் கிழிக்காதீர்கள், தவறை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் திருத்துங்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நாளையும் திரும்பப் பெறும் நாளையும் குறித்து, ரசீதின் நகலை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஒப்படைக்கும் முன் எண்ணெயிட்டுப் படமும் எடுத்து வைத்தால், திரும்பி வரும்போது புதிய கீறல் எது, பழையது எது என்று வாதாட வேண்டியிருக்காது.

வேதாரண்யம் அன்பர்: 2018 கஜா புயலில் எங்கள் காகிதங்கள் எல்லாம் நனைந்து போயின. செல்பேசியிலேயே எழுதினால் போதாதா?

கையால் எழுதிய நோட்டு மூலமாக இருக்கட்டும். பக்கம் நிறைந்ததும் படமெடுத்து வேறோர் ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் ஒரு நகல் கொடுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்வதால், நான் மேலே சொன்ன பதினைந்து நாள் உங்களுக்கு வாரமாகக் குறையட்டும்.

பட்டுக்கோட்டை அன்பர்: உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்த்தால் அதையும் எழுத வேண்டுமா?

உள்ளூர்ப் பட்டறைக்கே கொண்டுபோகக் கூடாது. பழுது பார்ப்பதற்கும் ஆயுதச் சட்டம், 1959இன்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் கொடுத்து, மாற்றிய உறுப்பையும் ரசீது எண்ணையும் எழுதுங்கள். மெருகேற்றும்போது துப்பாக்கியின் எண் தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண்ணை அழிப்பது தனிக் குற்றம்.

மயிலாடுதுறை அன்பர்: மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி பெறுகிறாள். அவளுக்கும் நோட்டு வேண்டுமா?

நாலரை மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு, ஆற்றல் இருபது ஜூல் அளவைத் தாண்டாதவரை, உரிமம் தேவையில்லை. ஆனாலும் எத்தனை குண்டு சுட்டாள், எப்போது வாஷர் மாற்றியது என்பவற்றை எழுதட்டும். காற்று உருளையின் மீது பொறித்துள்ள தேதியை முதல் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான உருளைகளுக்குப் பத்தாண்டுதான் ஆயுள், அது கடந்துவிட்டால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.