லீஃப்லெட்டா, மேப்லிப்ரேவா? இணைய வரைபடத்துக்கு எதை எடுப்பது?

ஊரிலுள்ள நூலகங்கள், பேருந்து நிறுத்தங்கள் எனச் சில நூறு புள்ளிகளைக் காட்டத்தான் வேண்டுமென்றால் லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் தாராளமாகப் போதும். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் போனால் திணறும். ஒவ்வொரு குறியையும் தனி உறுப்பாகப் பக்கத்தில் சேர்ப்பதுதான் காரணம். அப்போது வட்டக் குறிகளுக்கு மாறி, அவற்றைக் கேன்வாஸில், அதாவது உலாவியின் ஒரே வரைபரப்பில், வரையச் சொல்லுங்கள்.

சாலை நிறத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டும், வரைபடம் சுழல வேண்டும், சாய வேண்டும் என்றால் இன்னொரு நிரலகமான மேப்லிப்ரே. மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் வரைபட நிரலகத்தின் உரிமத்தை மாற்றியபோது அதன் பழைய திறந்த நிரலிலிருந்து பிரிந்தது இது. தமிழ்ப் பெயர்களை மட்டும் முதலிலேயே சோதித்துவிடுங்கள். எழுத்துகளை இதுவே வரைவதால் கொம்பும் காலும் இடம் மாறி 'கோவை' சிதையலாம். புள்ளியைத் தட்டினால் திறக்கும் பாப்அப்பில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே எழுதுவது உலாவி.

லீஃப்லெட்டிலிருந்து மாறுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆயத்தொலைவு வரிசையில். லீஃப்லெட்டில் சென்னை 13.08, 80.27. மேப்லிப்ரேயில் தீர்க்கரேகைதான் முன்னால்: 80.27, 13.08. மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. சென்னைப் புள்ளி ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

அரசுத் துறைகளின் டபிள்யூஎம்எஸ் அடுக்குகளும் (சேவையகம் படமாக அனுப்பும் வரைபடங்கள்) யுடிஎம் ஆயங்களும் (மீட்டரில் தரப்படும் இட அளவுகள்) கலந்து வந்தால் ஓப்பன்லேயர்ஸ் என்ற மூன்றாவது நிரலகம்தான் சரி. கற்க நாளாகும், ஆனால் வெவ்வேறு வீழல்களை (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறைகளை) அதைப்போல மற்ற இரண்டும் கையாளாது.