மகளோடு உட்கார்ந்தால் எனக்கும் பிடித்துப்போகிறதே! (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பத்து வயது மகள் 'டீன் பீச் மூவி' பார்க்க வேண்டும் என்று ஒரே அடம். சரி, அவள் பார்க்கட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டலாம் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டு வருவதற்குள் போன் எங்கே போனதென்று தெரியவில்லை, இரண்டு பேரும் எழுந்து ஆடிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். இவ்வளவு அசட்டுப் படம் எனக்கு ஏன் பிடித்தது? (ஒரு வாசகி)

பதில்: அது அசட்டுத்தனம் என்று படம் எடுத்தவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தே செய்ததுதான், அதனால்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013 ஜூலையில் டிஸ்னி சேனலில் வந்த தொலைக்காட்சிப் படம். மேக் என்ற பெண்ணும் பிரேடி என்ற பையனும் அலைச்சறுக்கில் பைத்தியமான இளசுகள். ஒரு ராட்சத அலையில் மாட்டிக்கொண்டு, பிரேடி மனப்பாடமாக வைத்திருக்கும் 1962ஆம் வருடத்து 'வெட் சைட் ஸ்டோரி' என்ற (கற்பனை) படத்துக்குள்ளேயே போய் விழுகிறார்கள். அங்கே அலைச்சறுக்குக் கூட்டத்துக்கும் பைக் கூட்டத்துக்கும் ஒரு சின்ன ஹோட்டலைப் பிடிப்பதில் தகராறு. பைக் கூட்டத்து லீலாவும் அலைச்சறுக்குக் கூட்டத்து டேனரும் காதலிக்க வேண்டும், அதுதான் கதை. ஆனால் மேடையிலிருந்து தவறி விழும் லீலாவை டேனர் தாங்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேடி குறுக்கே வந்து பிடித்துவிடுகிறான், அவ்வளவுதான், லீலாவுக்கு அவன் மேல் காதல், டேனருக்கு மேக் மேல் காதல், மொத்தக் கதையும் தடம் புரண்டுவிடுகிறது.

உங்கள் மகள் பார்த்தது இந்தக் குழப்பத்தை. நீங்கள் பார்த்தது அதற்குப் பின்னால் இருக்கும் கிண்டலை. கடலுக்குள் போய்விட்டு வருகிறவர்களின் முடி நனைவதே இல்லை. பேசிக்கொண்டிருக்கிற மேக்குக்கு வாயிலிருந்து தானாகப் பாட்டு வருகிறது, நிறுத்தப் பார்க்கிறாள், முடியவில்லை, அந்த எரிச்சலையும் பாட்டாகவே பாட வேண்டியிருக்கிறது! தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு, நின்ற இடத்தில் பாட்டு கிளம்புவதில் ஆச்சரியமே கிடையாது. அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிற ஒரு பெண்ணைப் பார்ப்பதுதான் நமக்கு வேடிக்கை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. இந்தப் படம் யாரைக் கிண்டல் செய்கிறதோ அந்தக் கடற்கரைப் படங்கள் எல்லாம் அப்பா அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு எடுத்தவை. 1963இல் 'பீச் பார்ட்டி' வந்தது. ஃப்ராங்கி அவலானும் அனெட் ஃபுனிசெல்லோவும் ஜோடி. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனி, குறைந்த செலவில், பதின்வயதினரைக் குறிவைத்து எடுத்தது. ஓடியது, உடனே அடுத்தடுத்து எடுத்துத் தள்ளினார்கள். கடற்கரை வீட்டில் பெற்றவர்கள் தலையே தெரியாது, பையன்களும் பெண்களும் ஆட்டமும் பாட்டும்தான். 'பீச் பார்ட்டி'யில் வரும் முக்கியமான பெரியவர் ஒரு மானுடவியல் பேராசிரியர், அவரும் இந்த இளசுகளை ஏதோ ஆதிவாசிக் கூட்டம் போலத் தொலைநோக்கி வைத்து ஆராய்ச்சி செய்ய வந்தவர். பெரியவர்களுக்கு அங்கே அவ்வளவுதான் இடம். ஐம்பது வருடம் கழித்து அதையே நையாண்டி செய்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே நிறுத்திவைத்த அம்மாவுக்கு இப்போது சோபாவில் இடம்!

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சுவாரஸ்யம். இந்த அலைச்சறுக்கு மோகத்தையே ஊரெல்லாம் பரப்பியதில் பெரிய பங்கு ஒரு அப்பாவுக்கு உண்டு. ஃப்ரெட்ரிக் கோனர் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்து குடியேறிய திரைக்கதை எழுத்தாளர். அவருடைய பதின்வயது மகள் கேத்தி, கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் பையன்களோடு சேர்ந்து பலகை ஏறப் பழகியவள். வீட்டுக்கு வந்து அங்கே நடந்ததையெல்லாம் சொல்வாள். அப்பா காது கொடுத்துக் கேட்டார். கேட்டதை வைத்து, அந்தப் பெண்ணே பேசுகிற மாதிரி 1957இல் 'கிட்ஜெட்' என்று ஒரு நாவல் எழுதிவிட்டார்! 1959இல் அது சான்ட்ரா டீ நடித்த படமாகி, அப்புறம்தான் பீச் பார்ட்டிகள் எல்லாம். ஆக, பெரியவர்களே வேண்டாம் என்ற அந்தப் படங்களுக்கு வழி போட்டதே மகள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு பெரியவர்தான். இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்துகிறாரா என்று பார்ப்போம்.

கேள்வி: அதே படத்தை மகன் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. இப்போது எனக்குக் கொட்டாவி வருகிறது, ஆனால் எழுந்து போனால் அவன் முகம் வாடிவிடுகிறது. ரசிக்கிற மாதிரி நடிக்கலாமா? (ஒரு அப்பா)

பதில்: நடிக்காதீர்கள், பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு எதையாவது பாருங்கள். ஆட்டத்தை மட்டும் கவனிப்பது ஒரு வழி. இயக்குநர் ஜெஃப்ரி ஹார்னடே அடிப்படையில் நடன அமைப்பாளர், 1983இல் வந்த 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்துக்கு நடனம் அமைத்தவர். பைக் கூட்டம் பாடுகிற பாட்டில் ஹோட்டலுக்குள் இருக்கிற நாற்காலி மேசை எதையும் விட்டுவைக்காமல் ஆட்டத்துக்குள் எப்படி இழுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஆடுகிறவர்களைத்தான் பார்க்க வேண்டும், நடுவில் இருப்பவர்களை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, மேக்கின் தாத்தாவாக வருகிறாரே, பேரி பாஸ்ட்விக், அவர் 1972இல் 'கிரீஸ்' இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தபோது அதன் கதாநாயகன் டேனி ஸூகோவாக நடித்தவர். தோல் ஜாக்கெட்டும் எண்ணெய் வழியும் கிராப்புமாக அன்றைக்கு ஆடியவர், இங்கே அதே மாதிரிப் பையன்கள் ஆடுகிற படத்துக்குத் தாத்தா. பையனிடம் இதைச் சொன்னால் அவன் 'கிரீஸ்' என்றால் என்ன என்பான். அதை எந்த வயதில் காட்டுவது என்பது உங்கள் பாடு, அதில் வரும் சில வசனங்களுக்கு விளக்கம் சொல்ல நான் வர மாட்டேன்.

அதற்குப் பிறகும் கொட்டாவி வந்தால், "கண்ணா, எனக்கு இன்றைக்குப் போதும், பாட்டு வரும்போது மட்டும் கூப்பிடு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும், அதில் மட்டும் ஏமாற்றக் கூடாது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதில் நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்த படம் இது. இப்போது என் தோழிகள் வந்திருக்கும்போது அம்மா அந்தப் பாட்டுகளைச் சத்தமாகப் பாடுகிறார், கையையும் ஆட்டுகிறார். மானம் போகிறது. (ஒரு மாணவி)

பதில்: அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள், "தோழிகள் போன பிறகு பாடலாம்மா" என்று. "பாடாதே" என்று சொல்லிவிட வேண்டாம். உங்கள் தோழிகளைப் பற்றியும் ஒரு விஷயம்: அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கும், வெளியே சொல்ல வெட்கம்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண் என்றால் பையன்களுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் படத்தில் வருகிறது. மகளுக்கு அது தவறு என்று அங்கங்கே நிறுத்தி விளக்க வேண்டாமா? (ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். படமே அந்த வேலையைச் செய்கிறது. பெண்கள் ஒரு பக்கம் மேக்குக்கும், பையன்கள் இன்னொரு பக்கம் பிரேடிக்கும், எதிராளியை எப்படி மயக்குவது என்று பாடம் எடுக்கிற பாட்டு ஒன்று வருகிறது. மேக்கின் முகத்தைப் பார்த்தாலே போதும், இதெல்லாம் என்ன கூத்து என்று எந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கும் புரியும். லீலாவுக்கும் அலை ஏற ஆசை, அது பெண்களுக்கு இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், மேக் வந்த பிறகு அந்தப் பூட்டு கழல்கிறது. ரிமோட்டை எடுத்து நிறுத்தி நீங்கள் வேறு ஒரு பாடம் நடத்தினால் மகள் உங்களைத்தான் அந்த 1962 ஆள் என்று நினைப்பாள். அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பாள், ஆனால் படம் ஓடும்போது கேட்க மாட்டாள், பல் தேய்க்கும்போதோ தூங்கப் போகும்போதோ திடீரென்று கேட்பாள்.

என் பங்குக்கு எனக்கு ஒரு குறை உண்டு. வில்லன்கள். வானிலையை மாற்றும் கருவி வைத்துக்கொண்டு இரண்டு பேர் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். பழைய படங்களில் இப்படிப்பட்ட கோமாளி வில்லன்கள் வருவார்கள்தான், அதைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது, ஆனாலும் அந்தக் காட்சிகளில் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கேள்வி: இரண்டாம் பாகம் காட்டலாமா? (ஒரு அம்மா)

பதில்: காட்டலாம், ஆனால் பக்கத்தில் இருங்கள். 2015இல் வந்தது. இந்த முறை படத்துக்குள் இருக்கிற லீலாவும் டேனரும் நிஜ உலகத்துக்கு வந்துவிடுகிறார்கள், ஆட்டம் பாட்டம் எல்லாம் குறையில்லை. முடிவுதான் வில்லங்கம். கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரிய வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லீலா தன் படத்தின் கதையையே தனக்கு வேண்டியபடி மாற்றிவிடுகிறாள், அதனால் வெளியே மேக்கும் பிரேடியும் பழகிய நாட்களே இல்லாமல் போய், முதல் முறை சந்திக்கிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். பெரியவர்கள் "அட, நன்றாக யோசித்திருக்கிறார்களே" என்போம். இரண்டு படம் முழுக்க அந்த ஜோடிக்காகக் கவலைப்பட்ட குழந்தைக்கு அது துரோகம். சில பிள்ளைகள் அழுதேவிடும். "மறுபடியும் பழகிக்கொள்வார்கள்" என்று அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாமல், "எனக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை, நீயாக இருந்தால் எப்படி முடிப்பாய்?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள், பதில் நீளமாக வரும்.