மலை மாவட்டம் ஏன் மூன்றாம் இடத்துக்கு வந்தது?

அன்புள்ள ஐயா,

ஒரு நாட்டுக்குள் நலவாழ்வு எப்படி ஏறியும் இறங்கியும் கிடக்கிறது என்பதை மாவட்டவாரியாக வரைபடமாக்குகிறேன். எட்டுக் குறியீடுகள்: லட்சம் பேருக்கு மருத்துவமனைப் படுக்கை, பள்ளி, வங்கிக் கிளை, சாலை நீளம், எழுத்தறிவு, சிசு மரணம், குழாய்நீர், மின் இணைப்பு. எல்லாவற்றையும் இசட் மதிப்பாக்கி (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் மேலே அல்லது கீழே என்று சொல்லும் எண்) அவற்றின் சராசரி எடுத்தேன். மக்கள் குறைந்த, மிக வறிய ஒரு மலை மாவட்டம் மூன்றாம் இடத்தில் நிற்கிறது. கணக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறு?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கணக்கில் தவறில்லை. முதல் நான்கு குறியீடுகளைப் பாருங்கள். அவை கட்டி வைத்தவற்றின் கணக்கு. மலையில் ஊர்கள் சிதறிக் கிடப்பதால் இருபது பிள்ளைகளுக்கும் தனிப்பள்ளி வேண்டியிருக்கிறது; சாலை வளைந்து வளைந்து நீள்கிறது. அதைச் சிறிய மக்கள்தொகையால் வகுத்தால் எண் எகிறத்தான் செய்யும். படுக்கையில் இன்னொரு கோளாறும் உண்டு: பெருநகர மருத்துவமனையில் படுத்திருப்பவர்களில் பலர் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள், படுக்கையோ நகரத்தின் கணக்கில் ஏறுகிறது.

இந்த நான்கையும் எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், பெண்களின் எழுத்தறிவு, பயிற்சி பெற்றவர் உதவியோடு நடந்த பிரசவம் ஆகியவற்றை வையுங்கள். தண்ணீருக்கு இணைப்பு எண்ணிக்கை போதாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்பில், வரிசையில் நிற்பதையும் சேர்த்துப் போய்வர 30 நிமிடத்துக்கு மேலானால், நல்ல நீராதாரமாக இருந்தாலும் அடிப்படை வசதி என்று ஏற்பதில்லை. அந்த அளவுகோல் மலைக்கு நியாயம் செய்யும். சிசு மரணத்தின் கூட்டல், கழித்தல் குறியை மாற்றினீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அது கூடினால் நலம் குறைகிறது.

அடுத்தது சராசரி. ஒரு மாவட்டத்தில் கல்வி 0.9, உடல்நலம் 0.1, இன்னொன்றில் இரண்டுமே 0.5. கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டும் சமம். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் முதலாவது 0.3, மற்றது 0.5. பள்ளி நன்றாக இருப்பதால் சாகும் குழந்தைக்கு ஈடு கிடைத்துவிடாது. ஆகவே பெருக்கல் சராசரியே சரி என்பேன். ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடும் 2010இல் இதற்கு மாறியது. இசட் மதிப்பில் எதிர்மறை எண்கள் வருவதால் இது ஓடாது. 0 முதல் 1 வரையிலான அளவுக்கு மாற்றுங்கள். கீழ்வரம்பை, அதாவது 0 என்று கொள்ளும் மதிப்பை, உண்மையான மிகக் குறைந்த மதிப்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். எங்காவது பூஜ்யம் விழுந்தால் பெருக்கலில் மொத்தமும் பூஜ்யமாகிவிடும்.

சிசு மரணம் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்ததென்றால் கவனம். 400 பிறப்பில் 12 மரணம் என்றால் ஆயிரத்துக்கு 30. ஆனால் 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 13 முதல் 47 வரை போகும். பக்கத்து மாவட்டத்தின் 38ஐ இதோடு ஒப்பிட்டு வேறு நிறம் பூசுவது எண்ணுக்கு இல்லாத உறுதியை அதற்குக் கொடுப்பது. சில ஆண்டுத் தரவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், அல்லது அந்த ஒரு குறியீட்டை மட்டும் பெரிய வட்டார அளவில் காட்டுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவதானால் வகுப்பு எல்லைகள் (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஒரு நிறம் என்பது) இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இடையில் மாவட்டம் பிரிந்திருந்தால் பழைய எல்லைக்கே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முடித்த பிறகு ஒவ்வொரு குறியீடாக நீக்கித் தரவரிசையை மறுபடி ஓட்டுங்கள். எதை எடுத்தாலும் கடைசி வரிசையிலேயே நிற்கும் மாவட்டங்களுக்கு மட்டும் அடர்நிறம். இடம் மாறி மாறித் தாவுபவற்றின்மேல் சாய்கோடு போடுங்கள்; பணம் ஒதுக்குபவர் அதைப் பார்த்தாக வேண்டும்.