அந்த அக்காவுக்கு யார் துணை?

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் ஓர் அக்கா மாதம் ஒருமுறை பெண்களை ஒன்றுகூட்டுகிறார். தனியே வாழும் முதியவர்களையும் தேடிப்போய்ப் பார்க்கிறார். இப்போது நன்றாகக் களைத்துவிட்டார். நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பொன்னாடையும் பாராட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருடைய கைக்காசை நிறுத்துங்கள். ஃபோன் ரீலோட், ஆட்டோ, தேயிலை, சீனி எல்லாம் அவர் பையிலிருந்துதான் போயிருக்கும், வெட்கத்தில் சொல்லமாட்டார். ஒரு மாதம் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வரும் தொகையை அடுத்த மாதம் முற்பணமாகவே கொடுங்கள். 25 பேருக்குப் பிளேன்டீ போட 50 கிராம் தேயிலை போதும், ஆனால் அதை வாங்க ஓடுவது யார் என்பதுதான் கேள்வி.

வேலையைப் பிரிக்கும்போது கவனம் தேவை. மண்டபச் சாவி, கதிரை, தேநீர் ஆகியவற்றை மற்றவர்கள் எடுங்கள். முதியவர்களைப் பார்ப்பதை அவரிடமிருந்து பறிக்காதீர்கள், அதுதான் அவருக்குப் பிடித்த வேலை. கூடவே ஓர் இளையவர் போகட்டும். நாலைந்து தடவை சேர்ந்து போனால்தான் முதியவர்கள் புதியவருக்குக் கதவு திறப்பார்கள்.

சந்தா சேர்ந்தால் மூவர் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் இருவர் கையொப்பம். அவசரப்பட்டுத் தலைவர் தேர்தல் வைக்காதீர்கள். பதவிச் சண்டையில் கூட்டமே கலைந்துவிடும். மரண உதவிச் சங்கம் இருந்தால் அங்கே சந்தா சேர்ப்பவரைக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் தனியே என்பது அவருக்குத் தெரியும்.