வாசகர் கேள்வி: கருமணலும் கைகர் கருவியும்

கதிர்வீச்சு பட்டால் துடிப்பு தரும் எஸ்.பி.எம்.20 குழாய் வைத்து, அந்தத் துடிப்புகளை எண்ணும் கைகர் கருவி கட்டியிருக்கிறேன். மணவாளக்குறிச்சிக் கருமணல் கடற்கரையில் கதிர்வீச்சை அளக்க ஆசை. ஆனால் வீட்டிலேயே எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறதே? (குளச்சல் வாசகர்)

குழாயைச் சந்தேகப்படுமுன் போர்டைப் பாருங்கள். 400 வோல்ட் ஓடுகிற இடத்தில் சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சமிருந்து, அதன்மேல் உங்கள் ஊர் உப்புக்காற்றும் படிந்தால், மின்சாரம் கசிந்து பொய்த் துடிப்புகள் வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, வார்னிஷ் பூசுங்கள். 5.1 மெகா ஓம் ரெசிஸ்டரைக் குழாயின் நேர்முனையை ஒட்டியே வையுங்கள்.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம்தான். அதை நேரடியாக வைத்தால் மீட்டரே மின்னழுத்தத்தை இழுத்துவிடும். 400 இருப்பது 250 என்று காட்டும்; நீங்கள் ஏற்றுவீர்கள்; குழாய் தன் எல்லை தாண்டி ஓயாமல் எண்ணும். மீட்டரோடு தொடராக 1 கிகா ஓம் போட்டு, காட்டுவதை 101-ஆல் பெருக்குங்கள். 400 வோல்ட்டுக்கு 3.96 காட்ட வேண்டும். எல்லாம் சரியென்றால் சாதாரண இடத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 25 வரை வரும்.

கருமணல்மேல் அது பல மடங்கு ஏறும். அந்த மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம்தான் காரணம். குழாயை மணலில் கிடத்தினால் பீட்டா துகள்களும் சேர்ந்து, மைக்ரோசீவர்ட்டில் போடும் கதிர்வீச்சு அளவுக் கணக்கு ஊதிப்போகும். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, 400 எண்ணிக்கையாவது சேரும்வரை பொறுங்கள். அப்போதுதான் பிழை 5 சதவீதத்துக்கு இறங்கும்.

ஒரு பொட்டலம் மணலை வீட்டுக்கு எடுத்துவந்து சோதிக்கலாமா? (முட்டம் வாசகர்)

கூடாது. அணுசக்திச் சட்டத்தின்கீழ் மோனசைட் கட்டுப்பாட்டுப் பொருள். அதைக் கையாள உரிமம் வேண்டும். அளப்பது வேறு, அள்ளுவது வேறு. கருவியைச் சோதிக்க உரக்கடை பொட்டாஷ் கால் கிலோ போதும். அது பொட்டாசியம் குளோரைடு; அதிலுள்ள பொட்டாசியம்-40 எண்ணிக்கையைச் சற்றே கூட்டும். பெயர் குழம்பி வெடியுப்பையோ அம்மோனியம் நைட்ரேட்டையோ வாங்கி வைத்துவிடாதீர்கள். பின்னதற்கு 2012 முதல் தனி உரிம விதிகளே உண்டு.

வெறும் பொழுதுபோக்குக்கும் உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டம் பாயுமா? (நாகர்கோவில் வாசகர்)

கருவி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது. சிக்கல் 15-ஆவது பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், ‘அச்சுறுத்த வாய்ப்புள்ள’ செயலையும் அது சேர்த்துக்கொள்கிறது. பிறகு அதே சட்டத்தின் 43டி பிரிவு: குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள்வரை காவலில் வைக்கலாம், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மையென்று தோன்றினால் ஜாமீன் கிடையாது. காவல்துறை சொல்வதை ஜாமீன் கட்டத்தில் நீதிமன்றம் ஆழமாகச் சோதிக்க வேண்டியதில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நிரபராதி என்று நிரூபணமாவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். தண்டனைக்கு முன்பே தண்டனை இது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. 2004-இல் அமெரிக்காவின் பஃபலோவில், மனைவி இறந்ததும் உதவிக்கு அழைத்த கலைப் பேராசிரியர் ஸ்டீவ் கர்ட்ஸின் வீட்டில், கலைப்பணிக்கு வளர்த்த தீங்கற்ற பாக்டீரியாக்கள் கண்ணில் பட்டன. உயிரி பயங்கரவாத விசாரணை அஞ்சல் மோசடி வழக்காகச் சுருங்கியது. 2008-இல் நீதிபதி அதையும் தள்ளுபடி செய்தார்.

ஆகவே சுற்றுப்படம், குழாய் வாங்கிய ரசீது, தேதியிட்ட அளவீட்டு நோட்டு மூன்றும் கருவியோடு இருக்கட்டும். மணல் ஆலை வேலிப்பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் ‘அணுகுண்டு ரெடி’ என்று விளையாடவும் வேண்டாம். கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உபா வழக்கிலும் அது கட்டாயம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு. பறிமுதல் பட்டியலில் ‘மின்னணு உதிரிபாகம்’ என்று மொட்டையாக எழுதினால், ‘கைகர் குழாய், எஸ்.பி.எம்.20’ என்று சேர்க்கச் சொல்லி, நகலைக் கையில் வாங்குங்கள்.