விளைச்சல் கூடிய புதிய நெல்லினம் வந்தாலும் வன்னிக் கமக்காரர் ஏன் உடனே மாறுவதில்லை?

கிளிநொச்சியில் எங்களுக்கு நான்கு ஏக்கர் வயல். இரண்டு ஏக்கர் இரணைமடு வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது. மற்ற இரண்டும் மானாவாரி. இந்த இரண்டு துண்டிலும் ஒரே நெல்லை நாங்கள் விதைத்ததில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

புது இனம் என்றதும் நாங்கள் கேட்பது, "எத்தனை மாதம்?" பெயரிலேயே அது இருக்கிறது. எழுத்து, இனத்தை உருவாக்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஊர்: பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை; எண்ணில் மாதம் தெரியும்: பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 352 மூன்றரை மாதம். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். கடைசி மடைக்குத் தண்ணீர் பிந்தித்தான் வரும், ஆனால் வாய்க்கால் எல்லோருக்கும் ஒரே நாளில் பூட்டப்படும். ஒருமுறை ஆசைப்பட்டு மூன்றரை மாத நெல்லை விதைத்தேன். பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றது. கதிரை உருவிப் பார்த்தால் கைக்குள் பாதி பதர். அந்த இரண்டு வார வித்தியாசத்தை எந்த விளைச்சல் கணக்கும் ஈடுசெய்யாது.

அடுத்தது விற்பனை. அறுவடைக் காலத்தில் வியாபாரி வயற்கரைக்கே வருவார். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமி ஊதி, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். அந்தக் கடியில் விலை தீர்ந்துவிடும். கீரிச் சம்பாவாக விலைபோகும் பி.ஜி. 360இன் சின்ன மணிக்கு ஒரு விலை, வெள்ளை நாட்டரிசி நெல்லுக்கு இன்னொரு விலை. எங்களிடம் களஞ்சியமும் இல்லை, நெல் காயவைக்கப் போதிய தளமும் இல்லை. கடனுக்கு வாங்கிய உரக்காசு காத்திருக்கிறது. ஈர நெல்லையே எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்குப் பிடித்த இனத்தைத்தான் விதைக்க முடியும். இதை ஆராய்ச்சியாளர்கள் 'விருப்பம்' என்று எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

வீட்டுச் சோற்றுக்கு மட்டும் சிவப்பு நெல். ஏ.ரி. 362 அதற்காகவே எங்கள் பக்கம் பரவியது. புழுக்கிக் குற்றினால் மறுநாள் பழஞ்சோற்றுக்கும் நன்றாக இருக்கும். மானாவாரித் துண்டின் மூலையில் அம்மா இன்னும் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நாட்டு நெல்லைப் போடச் சொல்கிறார். உரம் குறைந்தாலும், ஒரு மழை தவறினாலும் அது நின்றுபிடிக்கும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, உரத்தை நம்பி நின்ற இனங்கள் மஞ்சளித்ததைக் கண்ட பிறகு அம்மாவோடு நான் வாதிடுவதில்லை.

நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சிக்குத் தாங்குமா, காற்று மழைக்குச் சாயுமா என்பதும் உண்டு. சாய்ந்த நெல்லை அறுவடை இயந்திரம் சரியாக அள்ளாது, அள்ளினாலும் மணித்தியாலக் கூலி ஏறும்.

விதைநெல்லை அநேகமாகப் பக்கத்து வயற்காரரிடம்தான் மாற்றிக்கொள்கிறோம். அவருடைய வயலில் அது விளைந்து நின்றதை நூறு நாளும் வரம்பில் நடந்து பார்த்திருக்கிறோம். புது இனத்தைப் பரப்ப நினைப்பவர்கள் எங்கள் ஊரில் கடைசி மடைக்காரர் ஒருவருக்கு ஒரு மூடை கொடுத்து விதைக்கச் சொல்லட்டும். அடுத்த போகத்தில் நாங்களே கேட்டுப் போவோம்.